வெற்றிலை வட்டாவில் ஒற்றைக் கோடு

ஜனவரி 17, ஞாயிறு

மழை விட்டது. வெயில் இல்லை. முற்றத்துத் தண்ணீர் வடியவில்லை.

இன்று நடுவீட்டில் இருந்தவர்கள்: மகள் பரீதா. அவள் புருஷன் நிஸ்தார். கல்யாணப் பெண், என் பேத்தி சஹ்லா. என் புருஷனுடைய தம்பி காசிம், போன கிழமை கொழும்பிலிருந்து வந்தவர். நான். அவர். வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு யாராவது நானும் இருந்தேன் என்று கதைத்தால் பொய்.

புதன்கிழமை சஹ்லாவுக்கு நிக்காஹ். சம்மாந்துறை மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள், பெண் வீட்டில் எல்லாருக்கும் இந்தத் தொற்று இல்லையென்று ரத்தம் பார்த்தால்தான் வருவார்களாம். நிஸ்தார் கல்முனை டவுனில் பாமசியில், மருந்துக் கடையில், வேலைக்கு நிற்கிறார். யாரையோ பிடித்து ஒரு பெட்டி கொண்டு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் தகடுகள்.

விரல் நுனியில் குத்து. ஒரு சொட்டு ரத்தம் குழியில். அதன் மேல் மருந்துத் தண்ணீர். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே ஒரு கோடு எல்லாருக்கும் வரும், தகடு பழுதில்லை என்று காட்ட. அதற்குக் கீழே இன்னொன்று வந்தால் நோய். நிஸ்தார் படித்துப் படித்துச் சொன்னார்.

அவருக்கு முதலில் குத்தினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்ததிலிருந்து இருமல். எல்லாருக்கும் பயம் அவரிலேதான். ஒற்றைக் கோடு. பரீதா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி அழுதுவிட்டாள். காசிம் ஒற்றைக் கோடு. மற்றவர்களும்.

எனக்கு இரண்டு.

மேலே ஒன்று. நடுவில் வெறுமை. ஆகக் கீழே, தூண்டில் மாதிரி வளைந்த இங்கிலீஷ் எழுத்துக்கு நேரே ஒன்று. கண் மூடினாலும் தெரிகிறது.

எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. விடிய எழும்பி ஆறு பேருக்கு மாப் பிசைந்தவள். நிஸ்தார் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். "மாமி, நீங்க அறைக்குள்ள போங்க. கோவிக்காதீங்க." நான் இருந்த கதிரையை பரீதா மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்தாள். நான் எழும்பி நிற்கும்போதே துடைத்தாள்.

அவரைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார்.

இப்போது நெல் மூட்டை அறையில். வெளிப்பக்கம் கதவுக்குக் கொண்டி போட்டிருக்கிறது. சஹ்லாவின் பழைய கொப்பி ஒன்று கிடந்தது, பாதி எழுதாதது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தின எழுத்து. என்னோடு கதைக்க வேறு யார்.


ஜனவரி 18, திங்கள்

வண்டு. மூட்டைக்கு மூட்டை வண்டு. பாய்க்குள்ளும்.

சோற்றுப் பீங்கானைக் கதவு கீழால் தள்ளினாள் பரீதா. இந்த வீட்டுக் கிணறு தோண்டிய மண்ணை நான்தான் தலையில் சுமந்தேன், அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு. அவளுக்கே சீதனமாய்க் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஒதுங்கினோம். சரி. மகள் வீட்டில் மகள் கொண்டி போடுகிறாள்.

புளியாணத்தில் உப்பில்லை. எழுதி வைக்கிறேன்.

ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிசம்பர் மழையில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. உடம்பு முறிந்து கிடந்தேன். எழும்பி அறக்குளா மீன் ஆணம் வைத்தேன். சட்டி கருகி வீடு புகை மண்டி, நான் பக்கத்திலேயே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மணமே தெரியவில்லை. வயல் வாடியிலிருந்து வந்த அவர்தான் ஓடி வந்து சட்டியைத் தூக்கி எறிந்தார். அவருக்கு மட்டும் சொன்னேன், மூக்குச் செத்துப்போச்சு என்று. பரீதாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் நோய் வீடு என்று வாசலில் போர்ட் அடிப்பார்கள், கல்யாணம் நின்றுவிடும். அவர் வயலுக்குத் திரும்பிப் போகாமல் கஞ்சி காய்ச்சித் தந்தார். கஞ்சி தண்ணீர். ஆனாலும் தந்தார்.

அது போய்விட்டது. பிறகு ஏன் கோடு? திரும்பவும் வந்துவிட்டதா? கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நிஸ்தாரிடம் கேட்டேன், பழைய காய்ச்சல் என்று சொல்லாமல் சுற்றி வளைத்து. கோடு வந்தால் வந்ததுதான், மாமி, என்றார்.

அவரை அந்தப் பக்க அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். சுவர்தான் நடுவே. இருமல் மூன்று, பிறகு ஒரு இழுப்பு. பிறகு மூன்று.

இந்த நோயில் மௌத்தானால் கபுறில் அடக்குவது இல்லை. எரிக்கிறார்கள். அதுதான் சட்டமாம். குளிப்பாட்டு இல்லை, கபன் துணி இல்லை, தொழுகை இல்லை. ஊரில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. இருமலை எல்லாரும் சேலைத் தலைப்புக்குள் விழுங்குகிறார்கள்.


ஜனவரி 20, புதன்

நிக்காஹ் மட்டும் நடந்தது, மாப்பிள்ளை வந்து இங்கே குடியிருப்பது பிறகாம். நல்ல வெயில்.

கதவு இடுக்கால் பார்த்தேன். ஒரு கண்ணால் பேத்தி கல்யாணம்.

என் உம்மாவின் பித்தளை வெற்றிலை வட்டா. அதில் வெற்றிலை கொஞ்சம், பாக்குக் கொஞ்சம், நடுவில் ரத்தம் பார்த்த தகடுகள் அடுக்கி. ஒவ்வொன்றிலும் பேர் எழுதி. நிஸ்தாரின் யோசனை. மாப்பிள்ளையின் உம்மா கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தாள், வளையல்காரியிடம் வளையல் பார்க்கிற மாதிரி. ஒரு கோடு. ஒரு கோடு. "பொண்ணுட உம்மம்மாட எங்க?" என்று கேட்டாள். நான் பொத்துவிலுக்குப் போயிருக்கிறேன் என்று பரீதா சொன்னாள். எனக்குப் பொத்துவிலில் யார் இருக்கிறார்கள்? ஒரு பூனையும் இல்லை.

அவர் முன்னுக்குக் கதிரையில். வெள்ளைச் சட்டை தொங்குகிறது உடம்பில். நடுவில் இருமினார். எல்லார் தலையும் திரும்பியது. நிஸ்தார் வட்டாவைக் காட்டினார்.

"தகடு சொல்லிட்டுதானே, சுத்தமெண்டு. இது வயல் சளி."

சிரித்தார்கள். பிறகு அவர் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவி துஆச் செய்தார். எல்லாரும் அவர் கையைப் பிடித்தார்கள். தகட்டில் கோடுள்ளவள் அறைக்குள். கோடில்லாதவர் சபை நடுவில்.

வட்டிலப்பத்தில் சீனி குறைவு என்றாளாம் மாப்பிள்ளையின் உம்மா. இரண்டு தடவை போட்டுத் தின்றவள். எழுதி வைக்கிறேன்.


ஜனவரி 21, வியாழன்

யா அல்லாஹ். சாம்பிராணி.

அஸருக்குப் பிறகு படுத்திருந்தேன். மஃரிப் ஆனது. வியாழன் பொழுது சாய்ந்தால் எங்களுக்கு வெள்ளி இரவு, யாசீன் ஓத சஹ்லா சாம்பிராணி போட்டாள். கதவு கீழால் புகை வந்தது. நல்ல மணம். அப்போதுதான் நெஞ்சில் அடித்தது.

போன வெள்ளி இரவு. அதே நேரம். நான் ஓதிக்கொண்டிருக்கிறேன். தட்டு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் புகைந்துகொண்டிருக்கிறது. என் கண் எரிகிறது. அவர் கேட்டார், "இண்டைக்கி ஏன் சாம்பிராணி போடல்ல?" கண் மங்கிவிட்டது கிழவனுக்கு என்று நினைத்தேன். முன்னால் இருக்கிறது என்று விரலால் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கண் இல்லை. மூக்கு. என் அறக்குளாச் சட்டி மாதிரி.

கதவில் அடித்தேன். கை வீங்கும் வரை. நிஸ்தார் வந்தார். உங்க மாமாவுக்குத்தான் அந்த நோய், எனக்கில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்றேன். டிசம்பர்க் காய்ச்சலையும் சொல்லிவிட்டேன், இனி என்ன மறைக்க. பரீதா அந்தப் பக்கம் நின்று, அதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று சண்டைக்கு வந்தாள். வரட்டும்.

திரும்பவும் அவருக்குக் குத்திப் பார்த்தார்கள். நடுவில் ஏதோ தெரிகிறதாம். பரீதா கோடு என்றாள். நிஸ்தார் லைட்டுக்கு நேரே பிடித்து அது கோடு இல்லை, நிழல் என்றார். காசிமும் நிழல் என்றார். தலைமயிர் தடிப்பில் ஒரு நிழலாம். அதை வைத்து ஒரு மனிதனைத் தீர்ப்பாம்.

சஹ்லாவை யன்னலுக்குக் கூப்பிட்டு போனை வாங்கினேன். பாண்டிருப்பு டொக்டர் பிள்ளையோடு கதைத்தேன். அவளுடைய அம்மாவும் நானும் சந்தையில் ஒரே கடையில் கருவாடு வாங்கிப் பழக்கம். அந்தப் பிள்ளை முழுக்கக் கேட்டது. கடைசியில் ஒரு கேள்வி.

"அம்மா, உங்கட கோடு எங்க வந்தது? நடுவிலயா, கீழயா?"

"ஆகக் கீழ. தூண்டில் எழுத்துக்கிட்ட."

"அது பழைய காய்ச்சலின்ட கோடு. உங்கட உடம்பு அடிபட்டு எழும்பின தழும்பு மாதிரி. அந்தச் சோதனை கிருமியப் பாக்கிறதில்ல. கிருமியோட சண்டை பிடிக்க உடம்பு செய்யிற சாமானைத்தான் ரத்தத்தில தேடும். அத உடம்பு செய்து முடிக்க ஒரு கிழமை, ஏழெட்டு நாள், சில ஆக்களுக்குக் கூடவும் எடுக்கும். ஐயாவுக்கு எப்ப தொடங்கினது?"

"போன வியாழன், மஃரிபுக்கு."

"ஞாயிற்றுக்கிழமை குத்தினா ஒண்டும் காட்டாது. நோய் இருந்தாலும் காட்டாது. மூக்கில எடுத்துப் பாக்க வேணும். உடனே கொண்டு வாங்கோ அம்மா."

போனை நிஸ்தாரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் ஓம் டொக்டர், ஓம் டொக்டர் என்றார். வைத்துவிட்டுக் கதிரையில் போய் இருந்துவிட்டார்.

கதவைத் திறக்கவில்லை இன்னும்.


ஜனவரி 22, வெள்ளி

மழை திரும்பவும்.

கொண்டு போகவில்லை. காசிம் வாசலில் குறுக்கே நிற்கிறார். என் கல்யாணத்தன்று என்னைக் கறுப்பி என்று சொன்ன வாய் அது, நான் மறக்கவில்லை. இன்று அதே வாயால் அண்ணனுக்காக அழுகிறார். "நானாவக் கொண்டு போனா சாம்பலாத்தான் தருவாங்க. இஞ்ச மௌத்தானா மண்ணுக்குள்ள வைக்கலாம்."

இங்கே மௌத்தானாலும் வந்து மூக்கில் எடுப்பார்கள், காசிம், என்றேன். உங்க பிளாஸ்டிக்கை யார் கேட்பார்கள்?

நான் உயிரைப் பற்றிக் கதைக்கிறேன். அவர்கள் மையித்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். மூச்சு விடுகிற மனிதன் அங்கே படுத்திருக்கிறார்.

லுஹருக்குப் பிறகு சுவரில் தட்டினார். அவர்தான். குரல் குழாய்க்குள் இருந்து வருவது போல.

"கேக்குதா புள்ள?"

"கேக்குது."

"என்ன ஆஸ்பத்திரிக்கி அனுப்பாத. உம்மாட பக்கத்துல எனக்கி இடம் இரிக்கி."

தெரியும். மையவாடியில் கடற்கரைப் பக்கம். தன் உம்மாவின் மீசான் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்குப் புல் பிடுங்கி வைப்பார் ஒவ்வொரு பெருநாளும்.

"இடம் எங்கயும் ஓடாது," என்றேன். "முதல்ல மூச்ச எடுங்க."

இருமினார். நெடுநேரம்.

"உன்ட கதவு பூட்டித்தானே இரிக்கி?"

"ஓம்."

"நல்லம்."

என்ன நல்லம்? கேட்டேன். இழுப்பு மட்டும்.


ஜனவரி 23, சனி

நான்தான் செய்தேன். சுபஹுக்கு சஹ்லா யன்னலால் போனைத் தந்தாள், புது மணப்பெண், கை முழுக்க மருதாணி. டொக்டர் பிள்ளையிடம் சொன்னேன், மகளே, இவங்க தரமாட்டாங்க, நீ வந்து எடு.

அம்புலன்ஸ். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள், முகம் தெரியாது. காசிம் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிஸ்தார்தான் அவர் கையைப் பிரித்தார். அதற்கு அவருக்கு நன்மை.

யன்னல் கம்பிக்குள்ளால் பார்த்தேன். அவர் நடந்தே போனார். இருவர் பிடித்திருந்தார்கள். இந்தா என்று கூப்பிட்டேன். உலகத்துக்கே கேட்டிருக்கும். திரும்பவில்லை. காது கேட்காதவர் இல்லை.

பின்னேரம் செய்தி. மூக்கில் எடுத்தது நோய்தான். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். வாசலில் போர்ட். யாரும் வெளியே போகக் கூடாது.

நிஸ்தார் கொண்டியைக் கழற்றினார். இப்போது திறந்து என்ன? பரீதாவுக்கும் காய்ச்சல். இனி நான்தான் எல்லாருக்கும் கொத்தமல்லி அவிக்க வேண்டும். என் ரத்தம் சண்டை பிடித்து முடித்த ரத்தமாம். அதற்காகப் பயமில்லாமல் இருந்துவிடாதீங்கோ, முகத்தை மூடிக்கொண்டு பாருங்கோ என்று டொக்டர் பிள்ளை சொன்னது. மூடினேன்.


ஜனவரி 25, திங்கள்

வாங்க வேண்டியவை: கொத்தமல்லி, இஞ்சி, தேசிக்காய், சவர்க்காரம். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் வைப்பார்கள். நல்லவர்கள். போன வருஷம் மாங்காய் களவெடுத்தவர்கள்தான்.

மாப்பிள்ளை வீட்டிலும் இரண்டு பேருக்குக் காய்ச்சலாம். மாப்பிள்ளையின் உம்மா பரீதாவுக்கு போன் எடுத்து ஏசினாள். நீங்கதானே கண்ணாடி போட்டுப் பார்த்தீங்க என்று நான் பக்கத்திலிருந்து சொன்னேன்.

அவருக்கு மூச்சு ஏறவில்லை. ஆகப் பிந்திப் போய்விட்டது, நாலைந்து நாள் முந்தி வந்திருந்தால் செய்ய நிறைய இருந்தது என்று டொக்டர் பிள்ளை மெதுவாகச் சொன்னது. இல்லையென்று சொல்லாமல் சொன்னது.

நிஸ்தார் குசினிக்கு வந்து நிலத்தில் இருந்து அழுதார். பாமசியில் நின்றும் எனக்கு விளங்கவில்லையே மாமி என்றார். நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார். அழும்போது மூக்கை என் துவாயில் துடைத்தார்.

பிறகு சஹ்லா.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். மூத்தாப்பாவுக்கு, அவருக்குத்தான், சத்தியம் பண்ணிக் கொடுத்தாளாம், இனி வைத்திருக்க முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை, என்னை அறைக்குள் விட்டபிறகு, அவர் இவளைத் தனியே கூப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"எனக்கி மணம் தெரியல்ல மகள். தகடு பொய். உம்மம்மாட கோடு பழசாத்தான் இரிக்கும், அவ டிசம்பர்ல பட்டுட்டா. ஆனா ஒத்தருக்கும் சொல்லாத. உன்ட கல்யாணம் முடியட்டும். அவ அறைக்குள்ளயே இரிக்கட்டும். வெளிய விட்டா என்னப் பாக்க வந்து என்ட தலமாட்டுலயே கிடப்பா. அவ இன்னொருக்காப் பட்டா எழும்பமாட்டா."

தண்ணீரை நிறுத்த மறந்துவிட்டேன். பீங்கான் நிரம்பி வழிந்தது.

தொப்பியைக் கழற்றிப் போட்டாரே. அப்போதே தெரியும் அவருக்கு. வீடு முழுக்கத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நல்லம் என்றாரே.


ஜனவரி 27, புதன்

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

சுபஹுக்கு முன் போய்விட்டார்.

போர்ட் அடித்த வீடு. ஒருவரும் போக முடியாது. காசிம் மதிலில் தலையை மோதினார். போனில் சொன்னார்கள், பெட்டியில் வைத்துப் பின்னேரம் கொண்டு போவார்களாம். எங்கே என்று கேட்டோம். அவர்கள் சொன்ன ஊரை நான் எழுதமாட்டேன்.

அலுமாரியில் அவருடைய கபன் துணி. ஹஜ்ஜுக்குப் போனபோது ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டு வந்தது. மடிப்புக் கலையவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன், அஸர் வரை. பிறகு அது எந்த நேரம் நடந்தது என்று தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. அடுப்பு மூட்டவில்லை நான். பரீதா பசிக்கிறது என்றாள், காய்ச்சலில். பக்கத்து வீட்டாரிடம் கேள் என்றேன்.


ஜனவரி 28, வியாழன்

வெயில். நெல் காயப் போடலாம். போட ஆள் இல்லை.

இத்தாவுக்கு இருந்துவிட்டேன், புருஷன் போனவள் ஒதுங்கியிருக்கிற நாட்கள். அதே நெல் அறை. இப்போது உள்பக்கத்தால் நான்தான் கொண்டி போடுகிறேன்.

ஜனாஸா இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்றார் காசிம். ஜனாஸாவைத் தூக்குமுன் சபையில் கேட்பது, மௌத்தானவரின் குற்றங்குறைகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று. முற்றத்தில் நின்று கேட்டார். கதவுக்கு வெளியே எல்லாரும். பொருந்திட்டன் என்றாள் பரீதா. பொருந்திட்டன், நிஸ்தார். சஹ்லா அழுதுகொண்டே. காசிம் தானும் சொன்னார். என் முறை.

"மதினி, நீங்க சொல்லணும். பொஞ்சாதி பொருந்தாட்டி அவர்ட பயணம் லேசில்ல."

நான் வாய் திறக்கவில்லை. காசிம் திரும்பக் கேட்டார். பிறகு கோபம் வந்துவிட்டது அவருக்கு. நானாவ நெருப்புக்கு அனுப்பினதும் நீங்கதான், இப்ப பொருந்தவும் மாட்டீங்களா என்றார். பரீதா அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

காசிமைப் பொருந்திவிட்டேன். கறுப்பி என்றதையும் சேர்த்து. நிஸ்தாரைப் பொருந்திவிட்டேன். கதிரையைத் துடைத்த பரீதாவை. வாய் பூட்டியிருந்த சஹ்லாவை. வட்டாவில் தகடு எண்ணியவளைக் கூட. வட்டிலப்பம் மட்டும் இருக்கட்டும்.

அவரை முடியாது.

என்னை எனக்காகப் பூட்டினாராம். தலைமாட்டில் கிடப்பேன் என்று தெரிந்து பூட்டினாராம். கிடந்திருப்பேன்தான். எனக்கு அதற்கு உரிமை இருந்தது. யன்னல் பக்கம் ஒரு தரம் திரும்பியிருக்கலாம்.

ஸலாம் சொல்லப் போக ஒரு மண் இல்லை. கல் இல்லை. பெருநாளைக்கு யாருடைய புல்லைப் பிடுங்குவேன்? பொருந்திட்டன் என்று சொல்லிவிட்டால் அவருக்கும் எனக்கும் இடையில் எல்லாம் முடிந்துவிடும். லேசாகப் போய்விடுவார். பொருந்தாதவளை மறுமையில், மஹ்ஷர் வெளியில் தேடி வந்தே ஆக வேண்டும். அத்தனை சனத்துக்குள்ளும் தேடித் தேடி, என் முன்னால் வந்து நின்று கேட்க வேண்டும். வரட்டும்.

என் நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பரீதாட வாப்பா என்பேன். இந்தா என்பேன். வீடு எழுதிய நொத்தாரிசு பெயர் கேட்டபோதும் பிள்ளையைத்தான் சொல்ல வைத்தேன். இனி எழுதலாம்.

நான் பொருந்தாதவர்:

உதுமாலெவ்வை மகன் ஆதம்பாவா.